குளிர்காலத்துல எதுக்குய்யா ஏசி?

இந்தக் கேள்வியை ரெண்டு ஊர்ல கேட்டிருக்கேன். ஒண்ணு எங்க காசிமேடு. இன்னொண்ணு, பொட்டி தட்டுற கம்பெனி என்னை 2021 கடைசியில பார்சல் பண்ணி அனுப்புன மிச்சிகன். ரெண்டு ஊருக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. காசிமேட்டுல மார்கழி விடிகாலை 22 டிகிரி வந்தாலே ஏலம் எடுக்க வர்ற அண்ணன்மாருங்க மங்கி குல்லா மாட்டிக்குவாங்க. (சென்னையில இதுவரைக்கும் பதிவான ஆகக் கம்மியான குளிரே 13.9 டிகிரிதான். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தின கதை.) மிச்சிகன்ல ஜனவரி மாசம் பூஜ்யத்துக்குக் கீழ 10 டிகிரி போறதெல்லாம் சர்வ சாதாரணம். ஆனா கேள்வி மட்டும் ரெண்டு ஊர்லயும் ஒண்ணே ஒண்ணுதான்: "வெளியிலயே குளிருது, கார்ல எதுக்குய்யா ஏசி?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஆணி அதிகமா இருக்கிறவங்க இந்தப் பத்தியோட கிளம்பிடலாம். கார் ஏசிக்கு ரெண்டு வேலை. காத்தைக் குளிர வைக்கிறது ஒண்ணு. காத்தைக் காய வைக்கிறது இன்னொண்ணு. நாம காசு குடுத்து வாங்குறது முதல் வேலைக்காக. மழையிலயும் பனியிலயும் எதிர்ல என்ன வருதுன்னு நம்ம கண்ணுக்குக் காட்டுறது ரெண்டாவது வேலை.

மிச்சம் இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன கொசுவத்தி.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) கால் டாக்சி ஓட்டுறார். சொந்த வண்டி, டீசல். ராத்திரி ஏர்போர்ட் சவாரி, காலைல துறைமுகத்துப் பக்கம், ஞாயித்துக்கிழமைன்னா மீன் வாங்க வர்ற பார்ட்டிங்க. இருபது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறவர். அவருக்கு ஏசின்னா ஒரு கணக்கு இருக்கு. கஸ்டமர் கேட்டா போடணும், கேக்கலைன்னா போடக்கூடாது. மழை பெஞ்சா கேட்டாலும் போடக்கூடாது. "மழ குளுருல ஏசி போட்டா பொண்டு புள்ளைங்களுக்கு ஜன்னி வந்துடும்டா மாப்ள. டீசலும் தண்ணியா குடிக்கும்" என்பார். கண்ணாடியில மூட்டம் கட்டுனா துடைக்கிறதுக்கு டேஷ்போர்டு மேல ஒரு மஞ்சத்துணி. அந்தத் துணி ஊர்ப்பட்ட எண்ணெயையும் தூசியையும் கண்ணாடி பூரா தேய்ச்சு வைக்கும். எதிர்ல ஹெட்லைட் வந்தா ஒரே பளபளப்பு, கோயில் கோபுரத்துல சீரியல் செட் போட்ட மாதிரி.

2021 நவம்பர்ல சென்னையில பெஞ்ச மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாசத்துல ஒரு நாள் ராத்திரி திருவொற்றியூர்ல சொந்தக்காரங்க விசேஷம். மாமா வண்டியில அம்மா முன்னாடி சீட்டு, பின்னாடி ஆயாவும் சித்தியும். நாலு பேரும் நனைஞ்சிருக்காங்க. கண்ணாடி நாலும் ஏத்தியாச்சு. ஏசி கிடையாது. எண்ணூர் விரைவுச் சாலை வழியா காசிமேட்டுக்குத் திரும்பறாங்க. அந்த ரோட்டைப் பத்தி வடசென்னைக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் வண்டிங்க வரிசை கட்டி நிக்கிறது பல வருஷக் கதை. மழையில பின்னாடி விளக்கு எரியாத டிரெய்லர் ஒண்ணு இடது பக்கம் நின்னா, அது இருட்டோட இருட்டா ஒரு சுவர்.

அம்மா மறுநாள் போன்ல சொன்னது: "கண்ணாடி பூரா வெள்ளையா மறைஞ்சி போச்சிடா. உன் மாமன் ஒரு கையில துணி, ஒரு கையில ஸ்டியரிங். துடைக்க துடைக்க மூடிக்குது. அவன் துடைச்ச ஓட்டையில நான் பாக்குறேன், எதிர்ல இரும்பு. அடப்பாவின்னு கத்துனேன். ஒரு முழம்.. ஒரு முழந்தான்டா இருந்துச்சி."

அம்மாவுக்குக் காலை, எனக்கு முந்தின நாள் ராத்திரி. பத்தரை மணி நேர வித்தியாசத்துல உட்கார்ந்துக்கிட்டு அந்த ஒரு முழத்தை நினைச்சா தூக்கம் எங்கே வரும்? உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, மழையில கண்ணாடி மறைச்சா ஏசி போடு. அஞ்சே நிமிஷத்துல பளிச்சுனு ஆயிடும்."

"இன்னாடா, அங்க பனியில குந்திக்கினு எனக்கு பாடம் எடுக்குறியா? ஏசி போட்டா கண்ணாடி இன்னும்தான்டா ஜில்லுனு ஆவும். இன்னும்தான் மூடும். வை போனை."

இதுல கவனிங்க மக்களே, மாமா சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. ஜில்லுன்னு இருக்கிற பொருள் மேலதானே நீர் பூக்கும்? பெட்டிக்கடையில கூல்டிரிங்ஸ் பாட்டிலை வெளியே எடுத்து வெச்சா வேர்க்குது. காசிமேட்டுல ஐஸ் பார் இறக்கி வெச்சா சுத்தி இருக்கிற பெட்டியெல்லாம் வேர்க்குது. அப்ப கார் கண்ணாடியை ஜில்லுன்னு ஆக்குற ஏசி எப்படி மூட்டத்தைப் போக்கும்?

இங்கதான் நான் படிச்ச மெக்கானிக்கல் இன்ஜினியரிங் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை உபயோகத்துக்கு வருது. (சைக்ரோமெட்ரிக் சார்ட்னு ஒரு வரைபடம் இருக்கு. எங்க செட்ல பாதிப் பேரை அரியர் வைக்க வெச்ச புண்ணியவான்.) பயப்படாதீங்க, படம் போட மாட்டேன். நாலே நம்பர்.

ஒரு கனமீட்டர் காத்து எவ்வளவு ஈரத்தைத் தாங்கும்ங்கறது அதோட சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரியில சுமார் 30 கிராம். 20 டிகிரியில 17 கிராம். 5 டிகிரியில 7 கிராம்கூட இல்லை. பூஜ்யத்துல 5 கிராமுக்கும் கீழ. சூடான காத்து பெரிய சொம்பு, குளிர்ந்த காத்து சின்ன சொம்பு, அவ்வளவுதான். பெரிய சொம்புல இருக்கிறதைச் சின்ன சொம்புல ஊத்துனா வழியும் இல்லையா, அந்த வழியிறதுதான் கண்ணாடியில பூக்குற நீர். எந்தச் சூட்டுல வழிய ஆரம்பிக்குதோ அதுக்குப் பேர் பனிநிலை.

மாமா வண்டிக்குள்ள அன்னிக்கு நடந்தது இதுதான். ஒரு ஆளு சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சும் வேர்வையுமா சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் தண்ணியைக் காத்துல விடுவான். நாலு பேர்னா 200 கிராம். போதாக்குறைக்கு நனைஞ்ச புடவை, நனைஞ்ச தலை, காலுக்குக் கீழ ஈர மிதியடி. வண்டிக்குள்ள காத்து கதகதப்பா 27, 28 டிகிரி. கண்ணாடிக்கு வெளிய மழை அடிச்சு 23, 24 டிகிரி. உள்ள இருக்கிற ஈரக்காத்து கண்ணாடியைத் தொட்ட உடனே வழியுது. துணியால துடைச்சா போறது வழிஞ்ச தண்ணி மட்டும்தான். காத்துல இருக்கிற மிச்ச ஈரம் அடுத்த நிமிஷமே வந்து ஒட்டிக்கும். ஆயுசு பூரா துடைச்சாலும் தீராது.

ஏசி என்ன பண்ணுது? டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற எவாபரேட்டர்ங்கற குளிர்ச்சிப் பெட்டி பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேல இருக்கும். வண்டிக்குள்ள வர்ற காத்தை அது வழியா ஓட விடுது. கண்ணாடியில வழிய வேண்டிய ஈரமெல்லாம் அந்தப் பெட்டி மேல வழிஞ்சு, ஒரு குழாய் வழியா ரோட்டுல சொட்டிடும். வெளிய வர்ற காத்து காய்ஞ்ச காத்து. அதைக் கொண்டுபோய் கண்ணாடியில அடிச்சா, அங்க ஒட்டியிருக்கிற தண்ணியையும் அது உறிஞ்சிடும். கண்ணாடி கொஞ்சம் ஜில்லுன்னு ஆனாக்கூட பரவாயில்ல, உள்காத்துல வழியறதுக்கு ஈரமே இல்லையே!

இதையெல்லாம் போன்ல சொன்னா மாமா கேப்பாரா? மறு வருஷம் ஊருக்குத் திரும்பினப்புறம்தான் வாய்ப்பு கிடைச்சுது. ஐப்பசி மழை. வீட்டு முன்னாடி வண்டி நிக்குது. எஸ்.என். செட்டித் தெருவை ஒட்டின சந்து, அதுல ஒரு வண்டி நின்னா ஒரு ஆள்தான் போகலாம். ஆயாவை முன் சீட்டுல உட்கார வெச்சு, நானும் மாமாவும் ஏறி, ஏசியைப் போடச் சொன்னேன். வண்டிக்கு அடியில சொட்டுற இடத்துல வீட்டுல இருந்த சொம்பை வெச்சேன். அரை மணி நேரம் ஊர்க்கதை. அப்புறம் எடுத்துப் பார்த்தா முக்கால் சொம்பு.

"மாமா, இது இன்னா தண்ணி?"

"ஏசி தண்ணிடா. எல்லா வண்டியிலயும்தான் ஊத்தும். இதுகூட தெரியாமயா இன்ஜினியருக்குப் படிச்ச?"

"ஏசிக்குள்ள யாரு ஊத்துனது?"

பதில் இல்லை.

"நீ வுட்ட மூச்சு, நான் வுட்ட மூச்சு, ஆயா முந்தானையில இருந்த ஈரம், வெளிய கடல் காத்துல இருக்கிற ஈரம். கண்ணாடியில போய் ஒட்டிக்க வேண்டியதுதான் மாமா சொம்புல வந்து நிக்குது."

மாமா சொம்பை வாங்கி உள்ள பார்த்தார். ஒரு தடவை வண்டியைச் சுத்தி வந்து குனிஞ்சு குழாயைப் பார்த்தார். முப்பது வருஷம் கருவாடு வித்த எங்க ஆயாவுக்குத்தான் சட்டுனு புரிஞ்சுது. மழைக்காலத்துல கருவாட்டுல ஈரம் ஏறாம காப்பாத்த அவங்க பட்ட பாடு அப்படி. "அப்ப இந்த வண்டிக்குள்ள கருவாடே காய வெக்கலாம் போலக்கீதே!"

"ஏ கெழவி, கஸ்டமர் வண்டி!" என்றார் மாமா. ஆனா மஞ்சத்துணி அன்னிக்கே டிக்கிக்குப் போயிடுச்சு.

ஆயா சொன்னது வெறும் கிண்டல் இல்லைங்க. ஏசியோட பிறப்பே அதுதான். 1902-ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகம். கோடைக்காலத்துல காத்துல ஈரம் ஏறினா தாள் உப்பும், இறங்கினா சுருங்கும். நாலு கலர் அச்சடிக்கும்போது ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உட்காராது. அதைச் சரி பண்ணச் சொல்லி வேலை வந்தது வில்லிஸ் கேரியர்ங்கற 25 வயசுப் பொடியனுக்கு. இன்ஜினியரிங் முடிச்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. குளிர்ந்த குழாய்ச் சுருள் மேல காத்தை விட்டு ஈரத்தைப் பிரிச்சான். மனுஷன் சுகமா இருக்கணும்னு யாரும் அன்னிக்குக் கேக்கலை, தாள் காய்ஞ்சு இருக்கணும்னுதான் கேட்டாங்க. ஏசிங்கற ஆங்கிலப் பேரே 1906-ல பருத்தி மில் ஆளு ஒருத்தர் வெச்சது. மில்லுல நூல் அறுந்து போகாம இருக்க காத்துல ஈரம் இவ்வளவுன்னு ஒரு அளவுல இருக்கணும். பெரம்பூர் பின்னி மில்லுல வேலை பார்த்த தாத்தாக்கள் உங்க வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

கார்ல கம்பெனியே ஏசி வெச்சுக் குடுத்தது பேக்கார்டுதான் முதல்ல, 1940 மாடல்ல. அந்த வண்டியில கம்ப்ரசரைத் தனியா நிறுத்த வழியே இல்லை. ஏசி வேண்டாம்னா இறங்கி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழட்டணும். குளிர்காலம் வந்தா கழட்டி வெச்சுடுவாங்க. இன்னிக்கு வர்ற கார்கள்ல கதை அப்படியே உல்ட்டா. முன் கண்ணாடி மூட்டம் நீக்குற பட்டனை (விசிறி மாதிரி வளைஞ்ச படம், மேல நோக்கி மூணு நெளி அம்பு) அழுத்தினா, பெரும்பாலான வண்டிங்கள்ல நீங்க கேக்காமலே கம்ப்ரசர் ஓட ஆரம்பிச்சுடும்.

மிச்சிகன்ல எங்க அறைத்தோழன் பயந்தது இதைப் பார்த்துத்தான். "டேய், ஹீட்டர் போட்டா ஏசி விளக்கு எரியுதுடா, வண்டி கெட்டுப் போச்சுடா!" கெட்டுப் போகலை ராசா. முதல்ல ஏசி காத்தைக் காய வைக்குது. அடுத்து அதே காத்து ஹீட்டர் வழியா போய் சூடாகுது. ஹீட்டர்னா வேற ஒண்ணுமில்ல, இன்ஜின் சூட்டுல கொதிக்கிற கூலன்ட் ஓடுற ஒரு குட்டி ரேடியேட்டர். காய்ஞ்ச காத்து, சூடான காத்து, ரெண்டும் சேர்ந்து கண்ணாடி மேல. இதைவிட வேகமா மூட்டத்தைப் போக்க வழியில்லை. அமெரிக்காவுல இந்த வசதி இல்லாம கார் விக்கவே முடியாது, 103-ஆம் எண் பாதுகாப்பு விதி அது.

ஆனா ஒரு விஷயம். வெளிய பூஜ்யத்தை நெருங்கிட்டா பல வண்டிங்கள்ல ஏசி விளக்கு எரியுமே தவிர கம்ப்ரசர் ஓடாது. எவாபரேட்டர்ல ஐஸ் கட்டிடக் கூடாதுன்னு சென்சார் தடுத்துடும். அதுல நஷ்டம் இல்லை. உறைபனிக் காத்துல ஈரமே ரொம்பக் கம்மி, அதை உள்ள இழுத்துச் சூடு பண்ணினாலே அது காய்ஞ்ச காத்துதான். ஏசிக்கு நெஜமான வேலை அஞ்சுலேர்ந்து பதினஞ்சு டிகிரி வரைக்கும், மழையும் சேர்ந்த நாள்ல. ஊட்டிக்கு டிசம்பர்ல வண்டி எடுத்துட்டுப் போறவங்களுக்கும் இதே கணக்குதான்.

அந்த ஊருக்குப் புதுசா போற தம்பிங்களுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை. கண்ணாடியில உறைஞ்ச பனி மேல வெந்நீர் ஊத்தாதீங்க, விரிசல் விட்டுடும். சுரண்டியால சுரண்டுங்க, வண்டியை ஓட விட்டுச் சூடு ஏத்துங்க. ஓட விடறதுக்கு முன்னாடி பின்னாடி சைலன்சர் குழாயை அடைச்சிருக்கிற பனியை முதல்ல அள்ளிப் போடுங்க. 2016 ஜனவரி பனிப்புயல்ல நியூஜெர்சியில ஒரு குடும்பம் வண்டிக்குள்ள ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்க, அப்பா வெளிய பனியை அள்ளிக்கிட்டு இருந்தார். குழாய் அடைச்சிருந்ததால கார்பன் மோனாக்சைடு உள்ள வந்து தாயும் ரெண்டு குழந்தைங்களும் போயிட்டாங்க. மூடின ஷெட்டுல வண்டியை ஓட விடறதும் இதே ஆபத்துதான், எந்த ஊரா இருந்தாலும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம்ம ஊர்ல ஒரு வில்லங்கம் உண்டு. மூட்டம் ரெண்டு வகை. விரலால உள்பக்கம் ஒரு கோடு போட்டுப் பாருங்க. கோடு தெளிஞ்சா மூட்டம் உள்ள. தெளியலைன்னா வெளிய.

உள்ள இருந்தா மேல சொன்ன வைத்தியம். ஏசி போடு, காத்தைக் கண்ணாடிக்குத் திருப்பு, சூட்டுக் குமிழை நீலத்துலேர்ந்து கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளு. ஜன்னி பயமும் போச்சு, கண்ணாடியும் தெளிஞ்சுது. (பழைய அடிப்படை மாடல்கள் சிலதுல ஹீட்டரே இருக்காது. அதுல ஃபேன் வேகத்தைக் குறைச்சுக்கோங்க.) சோப்பு, ஷாம்பு, புகையிலைன்னு கண்ணாடியில தேய்க்கிற லாரிக்கார வைத்தியமெல்லாம் உண்டு. சோப்பு தேய்ச்சா நீர் முத்து முத்தா நிக்காம படலமா பரவும், கொஞ்ச நேரம் தெரியும். ஆனா காத்துல ஈரம் அப்படியேதான் இருக்கும்.

வெளிய இருந்தா கதை வேற. கடலோரத்துல விடிகாலை, மழை விட்ட நேரம், கஸ்டமர் 18 டிகிரி வெச்சு ஏசி போட்டிருக்கார். வெளிக்காத்தோட பனிநிலையே 24 டிகிரின்னு வைங்க. கண்ணாடி அதுக்குக் கீழ போயிடுச்சுன்னா வெளிப்பக்கம் வேர்க்கும், கூல்டிரிங்ஸ் பாட்டில் மாதிரியே. இப்ப போய் அந்த விசிறி பட்டனை அழுத்தி ஜில் காத்தைக் கண்ணாடியில அடிச்சா இன்னும் மூடும். மாமா போன்ல சொன்ன நியாயம் இங்கதான் பொருந்துது. வைப்பரை ஒரு சுத்து விடணும், காத்தைக் கண்ணாடியிலேர்ந்து திருப்பணும், குளிரைக் கொஞ்சம் குறைக்கணும். மிச்சிகன்ல எப்பவும் காப்பாத்துற பட்டன் காசிமேட்டுல சில நேரம் காலை வாரும். வண்டியோட வர்ற கையேடு பெரும்பாலும் குளிர் நாட்டுக் கணக்குலயே எழுதியிருக்கும், நம்ம கணக்கை நாமதான் போடணும்.

அடுத்து, கார் படத்துக்குள்ள அம்பு சுத்துற பட்டன். உள்காத்தையே திருப்பித் திருப்பிச் சுத்த விடறது. அதை எப்பவும் வெளிக்காத்துல வைங்கன்னு சொல்லுவாங்க. நல்ல அறிவுரைதான், எல்லார் மூச்சும் உள்ளயே சுத்தாது. ஆனா எண்ணூர், மணலிப் பக்கம் ஓட்டுறவங்க ஏன் அதை மூடியே வெச்சிருக்காங்கன்னு அந்தப் பக்கம் ஒரு தடவை போனா தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலைக்கு வர்ற கடலடிக் குழாய்லேர்ந்து அமோனியா கசிஞ்சு, தூங்கிட்டிருந்த ஜனங்க மூச்சுத் திணறி ராத்திரியோட ராத்திரியா ரோட்டுக்கு ஓடிவந்தாங்க. போகி அன்னிக்குப் புகை வேற. 2018 போகியில மூட்டம் தாங்காம மீனம்பாக்கத்துல விமானமே இறங்க முடியலை. இப்படிப்பட்ட இடத்துல உள்காத்துல வைக்கிறது தப்பே இல்லை. ஆனா அப்ப ஏசி கட்டாயம் ஓடணும். உள்காத்து சுத்தி, ஏசியும் அணைஞ்சிருந்தா, அதுதான் இருக்கிறதிலயே மோசமான கூட்டணி. நாலே நிமிஷத்துல கண்ணாடி சுண்ணாம்பு அடிச்ச சுவராயிடும். எவாபரேட்டர் மேல நின்ன தண்ணியே திரும்ப ஆவியாகி உள்ள வரும்.

டீசல் குடிக்குமேன்னு மாமா கேட்டது? குடிக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கண்ணாடி தெளிய அஞ்சு நிமிஷம். அப்புறம் அணைச்சு, வெளிக்காத்து வெச்சு ஓட்டி, திரும்ப மூடுனா திரும்ப அஞ்சு நிமிஷம். இன்னொரு லாபமும் இருக்கு. கம்ப்ரசருக்குள்ள எண்ணெய், அந்த வாயுவோட சேர்ந்துதான் சுத்தும். மாசக்கணக்குல ஏசி போடாம விட்டா சீலெல்லாம் காய்ஞ்சு கசிய ஆரம்பிக்கும். வாரத்துக்குப் பத்து நிமிஷம் ஓடவிட்டா கோடைக்காலத்துல மெக்கானிக்குக்கு அழற காசு மிச்சம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுறதுக்குக் காரணம் மாமா மட்டும் இல்லை. அன்னிக்கு அந்த ரோட்டுல இருட்டுல நின்ன டிரெய்லருக்குள்ளயும் ஒரு மனுஷன் இருந்திருப்பார். மணிக்கணக்கா வரிசையில நின்னு, நனைஞ்ச லுங்கியோட, ஏசி இல்லாத கேபின்ல, அவர் கண்ணாடியும் அதே மாதிரிதான் மூடியிருக்கும். எங்க அம்மா பார்த்தது அவர் வண்டியோட பின்பக்கம். அவர் நகர ஆரம்பிச்சா அவர் முன்னாடி யார் இருக்காங்கன்னு அவருக்கும் தெரியாது. ஒரு முழம் ரெண்டு பக்கமும்தான்.

லாரிக்கு ஏசிங்கறதை நம்ம ஊர்ல ரொம்ப நாளா சொகுசுன்னே நினைச்சாங்க. டிரைவர் தூங்கிடுவான்னுகூட சொன்னாங்க. மத்திய அரசு 2023 டிசம்பர்ல ஒரு அறிவிக்கை போட்டுது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகுற நடுத்தர, கனரக சரக்கு வண்டிகள்ல, அதாவது மூன்றரை டன்னுக்கு மேல, டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். வெயிலை நினைச்சுப் போட்ட விதிதான். ஆனா எண்ணூர் ரோட்டுல ஐப்பசி ராத்திரிக்கும் அது உதவும், போடுற பழக்கம் வந்தா. அதுக்கு முன்னாடி தயாரான வண்டிங்களுக்கு இது பொருந்தாது, அதெல்லாம் இன்னும் பல வருஷம் ஓடும். மீன் லோடு அடிக்கிற குட்டி வண்டிங்க மூன்றரை டன்னுக்குக் கீழ, அதனால கணக்குலயே வராது. அந்தத் தம்பிங்களுக்கு ஜன்னலை ரெண்டு விரல் இறக்கி வைக்கிறதும், மிதியடியைக் காய வைக்கிறதும்தான் இப்போதைக்கு ஏசி.

மாமா இப்ப டாக்சி ஸ்டாண்டுல மத்த டிரைவருங்களுக்கே வகுப்பு எடுக்கிறார்னு அம்மா சொன்னாங்க. பனிநிலை, எவாபரேட்டர் எல்லாம் கிடையாது. "கண்ணாடியத் துடைக்காத, காத்தத் துடை" - அவ்வளவுதான் பாடம். எனக்கு நாலு செமஸ்டர் ஆனதை மனுஷன் ஒரு வரியில முடிச்சுட்டார்.

அடுத்த மழைக்கு முன்னாடி, வெயில் அடிக்கிற நாள்லயே உங்க வண்டியில அந்த ரெண்டு பட்டனும் எங்க இருக்குன்னு ஒரு தடவை அழுத்திப் பார்த்து வைங்க. மழையில, இருட்டுல, பக்கத்துல அம்மா கத்தும்போது தேடக்கூடாது.

டிஸ்கி 1: பின் கண்ணாடியில இருக்கிற மெல்லிசு கோடுகள் டிசைன் இல்லை. கரண்டு பாய்ஞ்சு சூடாகுற கம்பிங்க. சதுரக் கட்டத்துல நெளி அம்பு போட்ட பட்டன் அதுக்கு. பழைய ஸ்டிக்கரை பிளேடு வெச்சுச் சுரண்டி அந்தக் கோட்டை அறுத்துடாதீங்க.

டிஸ்கி 2: சொம்புல வந்த தண்ணியை ஆயா செடிக்கு ஊத்திட்டாங்க. எங்க ஏரியாவுல தண்ணியைக் கீழ கொட்டுனா அடி விழும்.